முதியோர் மனமும் மறதி நோயும்
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இச்சங்கத்தின் விடுதியில் உண்டு உறங்கிப் படித்தவன் நான். வெள்ளி விழாவிற் பேச வருமாறு அழைத்தபோது, கல்வியைப் பற்றியோ வேலைவாய்ப்பைப் பற்றியோ பேசுவேன் என்றே பலரும் எண்ணியிருப்பர். முதியோரின் மனநோய் குறித்துப் பேச விரும்புகிறேன் என்று எழுதியனுப்பினேன். "இளைஞர் நிரம்பிய அவைக்கு இது பொருந்துமா?" என்று செயலாளர் கேட்டார். வீட்டிலுள்ள முதியவர் நிலை திரியும்போது அதனை முதலிற் காண்பவர் மருத்துவர் அல்லர். உடன் உறங்கும் பேரனும் சோறிடும் மருமகளுமே ஆவர். ஆதலின் இப்பொருளைக் கேட்க வேண்டியவர்கள் இளைஞர்களே என்று விடையெழுதினேன்.

மனநல மருத்துவம் என் தொழில். ஆயினும் இன்று என் தொழிலறிவை மட்டும் கொண்டு பேச இயலாது. என் வீட்டில் நிகழ்ந்ததையும், அதில் நான் செய்த பிழையையும் சொல்லியே ஆகவேண்டும்.

என் தந்தையார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. நம் வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக அங்குச் சென்றவர்களின் வரலாறு உங்களிற் பலர்க்கு வீட்டுக் கதையாகவே தெரியும். 1962-ஆம் ஆண்டு, தம் இருபதாம் வயதில் சுரங்கத்தில் இறங்கினார். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்ட சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வெப்பத்திலும் தூசியிலும் உழைத்தார். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கம் மூடப்பட்டதும் சொந்த ஊர் திரும்பினார். பள்ளியின் படியை மிதித்தவரல்லர். ஆயினும் எந்தப் பாறை எப்போது சரியும் என்பதை அதன் ஓசையைக் கேட்டே சொல்லுவார் என்று அவருடன் பணியாற்றியோர் கூறக் கேட்டிருக்கிறேன்.

2012-ஆம் ஆண்டில் அவர் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கினார். உண்டு கை கழுவியபின், "இன்னும் சோறு போடவில்லையே" என்றார். ஒரு நாள் கழனியிலிருந்து வீடு திரும்பும் வழி தெரியாமல் ஏரிக்கரையில் நின்றிருந்தார். அப்போது நான் வேறொரு மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவன். தாயார் தொலைபேசியிற் சொன்னார். "வயதாகிவிட்டதல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். மருத்துவம் கற்ற மகன் சொன்ன விடை அது. ஈராண்டுகள் அவ்விடையே எங்கள் வீட்டிற் செல்லுபடியாயிற்று.

அவ்விடை தவறானது. முதுமையில் நினைவு சற்று மந்தமாவது இயல்பு. பெயர் உடனே நாவில் வாராது. சற்று நேரங்கழித்து வரும். மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்துபோகும், தேடினால் கிடைக்கும். நோயோ வேறு. கண்ணாடியைக் கையிற் பிடித்தபடி அது எதற்குரியதென்று அறியாதிருப்பதும், நாற்பதாண்டு நடந்த பாதையில் திசை தப்புவதும், காசு எண்ணத் தெரிந்தவர் எண்ண முடியாமற் போவதும், சாந்தமானவர் காரணமின்றிச் சீறுவதும் முதுமையின் இயல்பல்ல. அன்றாட வாழ்க்கையை நடத்த முடியாத அளவுக்கு நினைவும், சொல்லும், தீர்மானிக்கும் ஆற்றலும் மெல்ல மெல்லக் குலைவதையே மறதி நோய் என்கிறோம். மருத்துவர் டிமென்ஷியா என்பர்.

1901-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் 51 வயதுப் பெண்ணொருவர் சேர்க்கப்பட்டார். அலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அவரைக் கவனித்துவந்தார். 1906-இல் அப்பெண் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த கசடுகளையும் உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டார். அவர் பெயராலேயே அந்நோய் வழங்கப்படுகிறது. மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அதுவே. அடுத்தது, மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் விளைவது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் கவனிப்பாரின்றி முற்றும்போது இவ்வகை வருகிறது. பலரிடம் இவ்விரண்டும் கலந்தே காணப்படும். வேறு வகைகளும் உண்டு; அவற்றின் பெயர்ப் பட்டியல் இவ்வவைக்கு வேண்டுவதில்லை.

புதிய செய்தியைப் பதிந்துகொள்ளும் மூளைப் பகுதியை அல்சைமர் நோய் முதலிலேயே தாக்குகிறது. ஆதலால் இன்று காலை நடந்தது நிற்பதில்லை. ஐம்பதாண்டுக்கு முன் நடந்தது நிற்கும். என் தந்தையார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, "சங்கு ஊதிவிட்டது, விளக்கு எங்கே?" என்று கேட்டுப் புறப்படுவார். சுரங்கம் மூடிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன என்று நான் விளக்குவேன். அவர் சினந்து கதவை இடிப்பார். என் தாயாரோ வாதிடவே மாட்டார். "இன்னைக்கு லீவு விட்டுட்டாங்க, டீ குடிச்சிட்டுப் படுங்க" என்பார். தேநீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். நோயாளியின் கூற்றை மறுத்து வாதிடாதே, அவருடைய அச்சத்தைத் தணித்து வேறொன்றில் மனத்தைத் திருப்பு என்று மனநல மருத்துவ மேற்படிப்பில் பின்னாளிற் கற்றேன். எழுத்தறியாத என் தாயார் அதனை எனக்கு முன்பே அறிந்திருந்தார்.

2018-இல் தந்தையார் காலமானார். அதன்பின் தாயார் பேச்சைக் குறைத்தார். உணவு இறங்கவில்லை, உடல் மெலிந்தது. அடுப்பில் வைத்ததை மறந்தார். நான் அப்போது வெளியூரில் மேற்படிப்பில் இருந்தேன். உறவினர் அவரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். அங்கு நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்களாம். தாளைக் கொடுத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்களாம். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோண வடிவங்களைக் காட்டி அவ்வாறே வரையச் சொன்னார்களாம். பலப்பம் பிடித்தறியாத கை அது. மதிப்பெண் மிகக் குறைந்தது. இவருக்கும் மறதி நோய் என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து நடத்திய சீட்டின் கணக்கை ஆண்டுக்கணக்கில் தாளின்றி மனத்திலேயே வைத்திருந்தவர் அவர் என்பதை எவரும் கேட்கவில்லை.

அச்சோதனை 1975-இல் அமெரிக்காவில் ஆக்கப்பட்டது. உலகெங்கும் வழங்குவது, படித்தவர்க்குப் பயன் தருவது. பள்ளிக்குச் செல்லாதவரை அதனால் அளந்தால், அவர் நோயை அளந்ததாகாது. அவருக்கு மறுக்கப்பட்ட பள்ளியை அளந்ததாகும். இக்குறையை அறிந்தே, 1990-களில் அரியானா மாநிலத்துப் பல்லப்கரில் எழுத்தறியாத கிராம முதியோர்க்கென இந்தியில் வேறொரு சோதனையை அமைத்தார்கள். ஆகவே நம் வீட்டு முதியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் இளைஞர் வாய்மூடி நிற்கலாகாது. "இவர் படிக்காதவர், முன்பு இன்ன கணக்கெல்லாம் பார்த்தவர், இன்ன வேலை செய்தவர், ஆறு திங்களாக இன்னது செய்ய முடியவில்லை" என்று தெளிவாக எடுத்துரைக்க வேண்டும். நேர்மையான மருத்துவர் அதனைக் கேட்டு மகிழ்வாரேயன்றிச் சினக்க மாட்டார். சினந்தாலும் சொல்லுங்கள்.

என் தாயாருக்கு வந்தது மறதி நோய் அன்று, மனச்சோர்வு நோய். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது எளிதன்று; ஆயினும் சில குறிகள் உண்டு. மறதி நோய் கண்டவர் தமக்கு ஒன்றுமில்லை என்பார். தவறான விடையைத் துணிந்து சொல்வார். சோர்வுற்றவரோ எதைக் கேட்டாலும் "தெரியாது, என்னால் ஆகாது" என்பார். முன்னது எப்போது தொடங்கிற்று என்று சொல்ல இயலாது, ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வரும். பின்னதற்கு ஏறக்குறைய நாள் குறிக்கலாம். விடியுமுன் விழித்துக்கொள்வது, பசியின்மை, "நான் பாரமாகிவிட்டேன்" என்னும் பேச்சு, காரணமறியா உடல்வலி ஆகியவை சோர்வின் அடையாளங்கள். நம் முதியோர் "மனம் சரியில்லை" என்று சொல்லும் வழக்கமில்லை. "நெஞ்சு அடைக்கிறது, கால் எரிகிறது" என்றே சொல்வர். மருந்தளித்து, நாள்தோறும் வெளியில் நடக்கச் செய்து, மீண்டும் சீட்டுப் பெண்களிடையே அமர்த்தியதில் இரண்டு திங்களில் என் தாயார் தேறினார். தம் கதையை இங்குச் சொல்ல இசைவு தந்தவரும் அவரே. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: முதுமையில் முதன்முறையாக வரும் சோர்வு, சிலரிடம் மறதி நோயின் முன்னறிகுறியாகவும் அமையக்கூடும். ஆகையால் தேறியபின்னும் அவரைக் கவனித்தே வருகிறோம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது அவசர நோய். நேற்றுவரை தெளிவாயிருந்த மூதாட்டி இன்றிரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். மகனை யாரென்று கேட்கிறார். சற்று நேரம் உறங்குகிறார், சற்று நேரம் கூவுகிறார். எங்கள் தெருவில் இவ்வாறு நேர்ந்தபோது, காற்றுச் சேட்டை என்று கருதி இரண்டு நாள் பூசாரியிடம் வைத்திருந்தனர். சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் மூளையைக் கலக்கியிருந்தன. பிழைத்துக்கொண்டார், ஆயினும் பழைய வலிமை திரும்பவில்லை. தொற்று, நீரிழப்பு, உப்புச் சத்துக் குறைவு, சர்க்கரை தாழ்தல், பொருந்தாத மாத்திரை ஆகிய எதனாலும் இப்பிதற்றல் நிலை வரும். மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ திடீரென்று அறிவு கலங்கினால் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். வேப்பிலை அடிப்பதை நோய் தீர்ந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

மறதிக்கு எல்லாம் மருந்தில்லை என்று கைவிடுவதும் பிழையே. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, கீழே விழுந்து தலையில் அடிபட்டு மூளையின்மேல் இரத்தம் கட்டுதல் போன்றவற்றாலும் மறதி வரும்; உரிய காலத்திற் கண்டால் இவற்றிற் பல சீராகும். இதற்கு வேண்டிய இரத்தச் சோதனைகள் எளியவையே. மிகுகுடியும் மூளையைக் கெடுக்கும். உடல் நோவுக்காக ஒரு வாய் என்று தொடங்கியோர் அறுபதில் எவ்வாறு ஆயினர் என்பதை நம் தெருக்களிலேயே கண்டிருக்கிறோம். மேடையில் அதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை.

இப்போது கல்விக்கு வருகிறேன். 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 100-க்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுற்றிருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும், படித்தோரைவிடப் படிக்காதோரிடமும் அது மிகுதி. 2024-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களை எடுத்துக்காட்டி, அவையனைத்தும் களையப்பெற்றால் உலகில் இந்நோயின் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று கூறிற்று. அவற்றுள் இளமையிற் கல்வியின்மை ஒன்று. கேள்விக் குறைவு, பார்வைக் குறைவு, இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, குடி, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு ஆகியனவும் அவற்றுள் அடங்கும்.

இப்பட்டியலை முதன்முறை படித்தபோது நம் தெருவின் கதையைப் படிப்பதுபோன்றே இருந்தது. வெடியோசையில் செவியிழந்தவர் என் தந்தையார். தலைக்கவசமின்றிச் சுமை தூக்கியோர், கல்லுடைத்தோர், தோல் பதனிட்டோர், கழிவு அள்ளியோர் நம் முன்னோர். எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பள்ளி அடைக்கப்பட்டிருந்தது. 1894-இல் சென்னை அடையாற்றில் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் திறக்கவேண்டி வந்ததென்றால், ஏனைய பள்ளிகள் எவ்வாறிருந்தன என்பது சொல்லாமலே விளங்கும். இளமையிற் கற்றவரின் மூளை நோயைத் தாங்குவதற்குரிய சேமிப்பொன்றைப் பெற்றிருக்கிறது என்று அறிஞர் கூறுவர். கசடு படிந்தாலும் மாற்று வழியில் வேலை நடத்தும் வலிமை அது. படித்தவர்க்கு இந்நோய் வாராதென்பதோ, படியாதவர்க்கு வந்தே தீருமென்பதோ இதன் கருத்தன்று. ஆயினும் பள்ளி மறுக்கப்பட்டதால் விளைந்த இழப்பு வேலையோடும் கூலியோடும் முடிந்துவிடவில்லை; எழுபதாம் வயதிலும் அது தன் வரியைத் தண்டுகிறது. இச்சங்கம் இருபத்தைந்தாண்டுகளாக இரவுப் பள்ளி நடத்தி வந்ததை நான் இப்போது ஒரு மருத்துவப் பணியாகவும் காண்கிறேன்.

நோயைத் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. டோனபெசில், மெமான்டின் முதலியவை சிலர்க்குச் சிறிதளவு, சில காலம் துணை நிற்கும். அண்மை ஆண்டுகளில் வெளிநாடுகளில் வந்துள்ள ஊசி மருந்துகள் தொடக்க நிலையில் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றன. விலையும் மிகுதி, மூளை வீக்கம், இரத்தக் கசிவு என்னும் இடரும் உண்டு. முதியவர் இரவில் அலைகிறார் என்று மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதை மட்டும் அறவே விடுங்கள். அதனால் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோர் பலரைக் கண்டிருக்கிறேன். கட்டிப் போடுவதும் கூடாது. இரவிற் சிறு விளக்கு எரியட்டும். ஒரே நேரத்தில் உணவு, ஒரே நேரத்தில் உறக்கம் என்று ஒழுங்கு இருக்கட்டும். சட்டைப் பையில் ஊரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். பேசும்போது முகத்துக்கு நேரே நின்று, சிறு சிறு சொற்களாற் பேசுங்கள்.

காப்பவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பெரும்பாலும் அவர் மனைவி, மகள் அல்லது மருமகள். கூலி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவரும் அவரே. என் தந்தையாரை ஆறாண்டு காத்த என் தாயார், அந்த ஆறாண்டில் ஒரு திருமணத்துக்கும் சென்றதில்லை. வாரத்தில் ஒரு பிற்பகலேனும் ஆண்மக்கள் அம்முதியவரின் அருகில் அமர்ந்து அப்பெண்ணை வெளியே அனுப்ப வேண்டும். இதற்குப் பட்டம் வேண்டுவதில்லை.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையின் பயனாக நம் முன்னோர்க்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எவ்வாறு கைமாறின என்பதை அறிவீர்கள். அறிவு கலங்கிய முதியவரின் பெருவிரலை மையில் தோய்ப்பது இன்றும் நிகழ்கிறது. அயலாரும் செய்கின்றனர், பெற்ற பிள்ளைகளும் செய்கின்றனர். தாம் செய்வது இன்னதென்று உணர இயலாத நிலையிலுள்ளவர் செய்யும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. பேணிக் காப்பதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கியபின் கைவிட்டால், 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ், காப்பேன் என்னும் நிபந்தனை இருக்குமாயின், அவ்வெழுத்தை நீக்கக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை நாடலாம். நோயின் தொடக்கத்திலேயே, முதியவர்க்குத் தெளிவு உள்ளபோதே, அவர் விருப்பம் யாதெனக் கேட்டு எழுதிவைப்பது பின்வரும் பூசல்களைத் தவிர்க்கும்.

எங்குச் செல்வதென்று கேட்பீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் உள்ளார், கட்டணமில்லை. 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராசன் முதியோர்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கியபோது நாட்டில் அதுவே முதல். இன்று கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையே இயங்குகிறது. மனத்துயர்க்கு 14416 என்னும் எண்ணிலும், முதியோர் உதவிக்கு 14567 என்னும் எண்ணிலும் இலவசமாகப் பேசலாம். "நான் இருந்தென்ன, போயென்ன" என்று முதியவர் சொன்னால் அதைப் புலம்பல் என்று தள்ளாதீர்கள். அன்றே அருகிலிருந்து பேசுங்கள், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "கீழ்ப்பாக்கம்" என்னும் ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கிய நாடு இது. அந்த வசைக்கு அஞ்சியே பலர் மருத்துவரை அணுகாது காலங்கடத்துகின்றனர். ஒதுக்கப்படுதல் இன்னதென்று அறிந்த நாம், நம்முள் ஒருவரை நோயின் பெயரால் ஒதுக்குவது தகாது.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்துள்ளேன், அவர்களும் இசைந்துள்ளனர். திங்கள்தோறும் இரண்டாம் ஞாயிறு காலையில் இக்கட்டடத்திலேயே 60 வயது கடந்தோர்க்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, கண், செவி ஆகியவற்றைச் சோதிப்போம். நானும் என் நண்பர் இருவரும் வருவோம். தெருத்தோறும் சென்று முதியோரை அழைத்துவரவும், அவர்கள் செய்த வேலை, பார்த்த கணக்கு, இப்போது தவறுவது ஆகியவற்றை அவர்கள் வாய்மொழியாகவும் வீட்டார் வாய்மொழியாகவும் கேட்டுக் குறிக்கவும் எழுதத் தெரிந்த இளைஞர் பதினைந்து பேர் வேண்டும். வாயிலில் குறிப்பேடு வைக்கப்பட்டுள்ளது. விருப்பமுள்ளோர் போகும்போது பெயரும் தெருவும் எழுதிச் செல்லுமாறு கேட்டு அமர்கிறேன்.